திரு. ஜம்புலிங்கம் மார்ட்டிஃபைட்

"எம்பாரஸ்டுன்னு போட்டா போதாதா?" என்று போர்வைக்குள்ளிருந்து கேட்டார் ஜம்புலிங்கம்.

"போதாது," என்றாள் சரசா. "அது சட்டையை உள்புறம் வெளியாப் போட்டுக்கிட்டு பேங்குக்குப் போனா வர்றது."

"அஷேம்டு?"

"அது தப்புன்னு தெரிஞ்சே பண்ணினவங்களுக்கு. நீங்க தெரியாமத்தானே பண்ணினீங்க?"

போர்வை கொஞ்ச நேரம் யோசித்தது. "ஹ்யுமிலியேட்டட்?"

"அது அடுத்தவங்க உங்களை அவமானப்படுத்தினா சொல்றது. நேத்து உங்களை யாரு என்ன சொன்னாங்க? எல்லாம் நீங்களே பண்ணிக்கிட்டதுதானே?"

போர்வைக்குள்ளிருந்து ஒரு முனகல் வந்தது.

சரசா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நோட்டுப்புத்தகத்தில் அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். மண்ணச்சநல்லூரில் பத்தாம் வகுப்புவரை தமிழில் படித்தவள். ஐம்பத்தோரு வயதில், புனேயில், வீட்டுக்குப் பக்கத்திலிருந்த ஔந்த் நூலகத்தில் நடக்கும் ஆங்கிலப் பேச்சு வகுப்பில் போய்ச் சேர்ந்தாள். ஆறு வருடமாக வாரத்துக்கு இரண்டு நாள், மழையானாலும் குடையோடு போகிறாள். ஒரு புது வார்த்தை கிடைத்துவிட்டால், அதை மூன்று ஆட்களிடம் மூன்று விதமாகப் பேசிப் பார்க்காமல் விடமாட்டாள். போன மாதம் காய்காரரிடம், அவருடைய தக்காளி 'மீடியோக்கர்' என்று சொன்னாள். சுமாரானது என்று அர்த்தம். அவர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு நாலு பச்சைமிளகாய் கூடப் போட்டார்.

"மார்ட்டிஃபைட்," என்றாள் இப்போது. "இதுதான் சரி. நாலு பேர் முன்னால நம்ம தப்பு நமக்கே வெளிச்சமாகி, பூமி பிளந்து உள்ள போயிட மாட்டோமான்னு இருக்கும் பாருங்க, அது."

"அதேதான்," என்றார் ஜம்புலிங்கம். "அதையே போடு."

விஷயம் இதுதான். சாங்வியில் அவர்கள் இருக்கும் வசுந்தரா விஹாரில் எண்பத்துநாலு வீடுகள். மூன்று மாதமாக மொட்டைமாடித் தொட்டி விடிவதற்குள் காலியாகி, நாள் தவறாமல் டேங்கர் வரவழைக்க வேண்டியிருந்தது. ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் முப்பது வருடம் சோதனைப் பிரிவில் இருந்து ஓய்வுபெற்ற ஜம்புலிங்கம் சும்மா இருப்பாரா? விடியற்காலையில் எழுந்து தொட்டியின் மட்டத்தை அளந்தார். கட்டம்போட்ட தாளில் வரைபடம் போட்டார். நேற்று மாலை சொசைட்டி கூட்டத்தில் எழுந்து நின்று, செகரட்டரி கேஷவ் தேஷ்பாண்டேவை நோக்கிக் கைநீட்டி, "பானி சோர்!" என்றார். தண்ணீர்த் திருடன்.

அறுபது பேர் முன்னிலையில்.

ஐந்து நிமிடம் கழித்து, அவரே வரவழைத்திருந்த பிளம்பர் நனைந்த கால்சட்டையோடு உள்ளே வந்து சொன்னார்: "சாப், கண்டுபிடிச்சாச்சு. நானூத்திரண்டு. உங்க வீடுதான். பால்கனில கறிவேப்பிலைச் செடிக்கு ஒரு குழாய் போட்டிருக்கீங்களே, அது பின்பக்கமா ராத்திரி பகலா சாக்கடைக்குள்ள கொட்டிக்கிட்டிருக்கு."

அந்தக் குழாயையும் ஜம்புலிங்கமே, தன் கையால், போட்டிருந்தார்.

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. லிஃப்டுக்குக்கூடக் காத்திராமல் நாலு மாடி ஏறி வந்து, போனை அணைத்துவிட்டுப் படுத்தவர்தான். காலையில் முதல் வேலையாக சரசாவின் போனை வாங்கி, வீட்டுத் தரகர் ஹரீஷிடம் பேசினார்.

"சாயங்காலம் ஆறு மணிக்கு வரச் சொல்லியிருக்கேன். வீட்டை வித்துட்டுத் திருச்சிக்கே போயிடலாம்."

"இருபத்தெட்டு வருஷமா இங்கே இருக்கோம்," என்றாள் சரசா. "என் வகுப்பு, என் சிநேகிதங்க எல்லாம் இங்கதான் இருக்கு."

"இனிமே இந்த கேட்டுக்குள்ள நான் எந்த முகத்தோட நடப்பேன்? எல்லாரும் என்னை வெறுப்பாங்க. நீ வேணும்னா என் சார்பா ஒரு மன்னிப்பு போட்டுடு. நான் வெளில வரமாட்டேன்."

ஜம்புலிங்கம் ஒரு முடிவு எடுத்துவிட்டால் மாற்றமாட்டார். கல்யாணமான முதல் வாரமே சரசாவுக்குத் தெரிந்த விஷயம் அது. அவள் போனை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டாள். சமையல் கட்டில் சில வேலைகளை முடித்துவிட்டு, எட்டே முக்காலுக்குக் கட்டிலருகே வந்து உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டிச் சொசைட்டி குரூப்பில் ஆங்கிலத்தில் போட்டாள். தமிழில் சொன்னால் இப்படி வரும்:

'அனைவருக்கும் கைகூப்பித் தெரிவித்துக்கொள்கிறேன். என் கணவர் திரு. ஜம்புலிங்கம் மார்ட்டிஃபைட். அவர் செய்த பிழைகள் எதுவானாலும் மனதில் வைக்காமல் மன்னித்துவிடுங்கள். சரசா, 402.'

இலக்கணத்தில் ஒரு குறை சொல்ல முடியாது.

இரண்டு நிமிடத்தில் போன் 'டிங்' என்றது.

"யாரு?" என்றார் ஜம்புலிங்கம்.

"கேஷவ்."

"திட்டியிருக்கானா?"

"இல்லைங்க. ஓம் சாந்தின்னு போட்டிருக்கார்."

"அப்படின்னா?"

"அமைதின்னு அர்த்தம்."

ஜம்புலிங்கம் போர்வையை மூக்குவரை இறக்கினார். "பரவாயில்லையே. நேத்து அவனைத் திருடன்னு சொன்னேன். எவ்வளவு பெருந்தன்மை பாரு."

டிங். டிங். டிங். ஏ விங்கிலிருந்து ஓம் சாந்தி. சி விங்கிலிருந்து கூப்பிய கைகள். தரைத்தளத்து ஜோஷுவா ஒரு மெழுகுவத்தி அனுப்பினார். ஒன்பதரைக்குள் நாற்பத்தேழு பேர்.

நடுவில் பாணேரில் மென்பொருள் கம்பெனிக்குப் போகும் வைஷு என்ற பெண், 'மார்ட்டிஃபைட் என்றால் மிகவும் வெட்கப்படுவது அல்லவா?' என்று கேட்டிருந்தாள். அவள்மேல் நாலைந்து பேர் பாய்ந்தார்கள். 'மார்ச்சுவரி, மார்ட்டல், மார்ட்டிஃபைட். எல்லாம் ஒரே குடும்பம்' என்று கேஷவ் விளக்கினார். 'ஒரு வீட்டில் இப்படி ஆகியிருக்கும்போது அகராதி பார்க்கிற நேரமா இது?' என்று இன்னொருவர் கண்டித்தார். வைஷு தன் கேள்வியை அழித்துவிட்டு மன்னிப்புக் கேட்டாள். அவளும் ஒரு ஓம் சாந்தி போட்டாள்.

"எத்தனை பேர் எழுதியிருக்காங்க?" என்றார் ஜம்புலிங்கம்.

"அம்பது ஆகப்போகுது."

அவர் போர்வையைக் கழுத்துவரை இறக்கினார். "என் மனசுல இப்ப யார் மேலயும் கோபம் இல்லைன்னு போடு."

சரசா அப்படியே போட்டாள்: 'அவருக்கு இப்போது யார்மீதும் கோபம் இல்லை.'

அழும் முகங்கள் பதினொன்று வந்தன.

"பாவம், அழறாங்களாமா?" என்று எழுந்து உட்கார்ந்தார். "சரி, இதையும் போடு. இனிமே என் குரல் இந்த சொசைட்டில கேக்காதுன்னு."

"அப்படியேவா?"

"ஒரு வார்த்தை மாத்தாதே."

சரசா ஒரு வார்த்தைகூட மாற்றவில்லை.

'எப்போது நடந்தது?' என்று ஒருவர் கேட்டார். 'நேற்று கூட்டம் முடிந்ததுமே' என்று பதில் போட்டாள். 'ரொம்பக் கஷ்டப்பட்டாரா?' 'இரவு முழுக்க.' இரண்டும் உண்மைதான்.

பதினொரு மணிக்கு வாசல்மணி அடித்தது. ஜம்புலிங்கம் சட்டென்று மல்லாந்து படுத்து, வெள்ளைப் போர்வையைத் தலையோடு இழுத்து மூடிக்கொண்டார்.

எதிர்வீட்டு ராஜஸ்ரீ. கையில் ஒரு தூக்குப்பாத்திரமும் துணியில் சுற்றிய பாக்ரி ரொட்டியும். கண்கள் சிவந்திருந்தன.

"வஹினி," என்று சரசாவைக் கட்டிக்கொண்டாள். இருபது வருடமாக அவள் சரசாவை அண்ணி முறை வைத்துத்தான் கூப்பிடுகிறாள். "இன்னைக்கு உங்க வீட்டுல அடுப்பு பத்தவைக்கக் கூடாது. கடலைமாவுல பிட்லா பண்ணிக் கொண்டுவந்திருக்கேன். ஒரு வாயாவது சாப்பிடணும்."

"எதுக்கும்மா உனக்கு சிரமம்," என்றாள் சரசா.

"அவரை ஒரு தடவை பாக்கலாமா?"

சரசா படுக்கையறைக் கதவை ஒரு சாண் திறந்தாள். ஏசி பதினெட்டில் ஓடிக்கொண்டிருந்தது. கட்டிலில் ஜம்புலிங்கம் நீட்டி நிமிர்ந்து, மூச்சுக்கூட விடாமல் கிடந்தார்.

"முகத்தை மட்டும்..." என்றாள் ராஜஸ்ரீ.

"யாருக்கும் முகம் காட்டமாட்டேன்னு சொல்லிட்டாரும்மா."

"எப்ப சொன்னார்?"

"நேத்து ராத்திரியே."

"அப்ப அவருக்கே தெரிஞ்சிருக்கு!" ராஜஸ்ரீ கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு விசும்பினாள். அழுகைக்கு நடுவே ஹிந்தியும் மராத்தியுமாக அவள் சொன்னதெல்லாம் போர்வைக்குள் தெளிவாகக் கேட்டது. கொரோனா நேரத்தில் அவள் கணவருக்கு மூச்சுத் திணறியபோது, லிஃப்ட் நின்றுபோயிருந்தது. ஜம்புலிங்கம் ஆக்சிஜன் சிலிண்டரைத் தோளில் வைத்து நாலு மாடி ஏறினார். கீழே நின்று 'தொடாதீர்கள், தொற்றும்' என்று கத்தினவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மழைக்காலத்தில் மின்கம்பியில் தண்ணீர் சொட்டுகிறது என்று அவர் மட்டும் பார்த்துச் சொல்லியிராவிட்டால், விளையாடும் இடத்தில் என்ன ஆகியிருக்கும்?

"கோபக்காரர்தான்," என்றாள் ராஜஸ்ரீ. "ஆனா இந்தக் கட்டடத்துல எது கெட்டுப்போச்சுன்னாலும் முதல்ல எழுந்து போறவர் அவர் ஒருத்தர்தானே? மீனுவுக்குச் சொல்லிட்டீங்களா?"

மீனு அவர்களுடைய ஒரே பெண். ஹைதராபாத்தில் இருக்கிறாள்.

"சொல்லிட்டேன்," என்றாள் சரசா.

ராஜஸ்ரீ போனதும் போர்வை விலகியது. ஜம்புலிங்கத்தின் முகம் ஊதாவாக இருந்தது.

"அரை நிமிஷம் மூச்சை அடக்கினேன். ஏன் இப்படி அழுதுட்டுப் போறா? நாம ஊரை விட்டுப் போறது அதுக்குள்ள தெரிஞ்சுபோச்சா?"

"நீங்க போறதை அவளால தாங்க முடியலை போல."

அவர் பாக்ரியைப் பிட்டு பிட்லாவில் தோய்த்தார். நேற்று மதியத்திலிருந்து சாப்பிடாதவர். மூன்று பாக்ரி உள்ளே போன பிறகு, மெதுவாகக் கேட்டார்: "சொல்லிக்காமப் போறது நல்லா இருக்காதோ?"

"அதையேதான் நானும் நினைச்சேன். இத்தனை பேர் இவ்வளவு அன்பா எழுதறாங்க. ஒரு தடவை கீழ இறங்கிப் போய் ஒரு கும்பிடு போட்டுட்டு வந்துடுங்களேன்."

"சரி. அஞ்சு மணின்னு சொல்லு. ஆறு மணிக்கு ஹரீஷ் வந்துடுவான்."

சரசா போட்டாள்: 'எல்லோரிடமும் கடைசியாக விடைபெற, மாலை ஐந்து மணிக்குத் தோட்டத்துக்கு வருகிறார்.'

உடனே கேஷவ் எழுதினார்: 'வஹினி, நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம். நாற்காலி, மைக், பூ எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.'

"பூவா?" என்றார் ஜம்புலிங்கம். "மாலை போடப்போறாங்களா எனக்கு?"

"பெரிய மாலையாம். உங்க போட்டோ ஒண்ணும் கேக்கறாங்க."

அவர் முகத்தில் முதன்முறையாக வெளிச்சம் வந்தது. "ஓய்வுபெற்ற அன்னைக்கு எடுத்தது இருக்கே, டை கட்டினது. அதை அனுப்பு." பிறகு இஸ்திரிப் பெட்டியைத் தேடிக்கொண்டு போனார்.

ஐந்தடிக்க இரண்டு நிமிடம் இருக்கையில் இருவரும் லிஃப்டிலிருந்து இறங்கினார்கள். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை. ஜம்புலிங்கத்தைப் பார்க்க மாப்பிள்ளை மாதிரி இருந்தது.

தோட்டம் நிரம்பியிருந்தது. எண்பத்துநாலு வீட்டிலிருந்தும் யாராவது வந்திருந்தார்கள். பாதிப்பேர் அலுவலகத்திலிருந்து நேராக, கழுத்தில் அடையாள அட்டையோடு. எல்லோருடைய முதுகும் இந்தப் பக்கம். முன்னால் ஒரு மேசை; மேசைமேல் டை கட்டிய ஜம்புலிங்கம், கழுத்துவரை சாமந்தி மாலையோடு. கேஷவ் மைக்கைப் பிடித்திருந்தார்.

"நேத்து என்னைத் திருடன்னு சொன்னார். கோபம் வந்துச்சு. வீட்டுக்குப் போய் யோசிச்சேன். மூணு மாசமா நாம எல்லாரும் டேங்கருக்கு போன் பண்ணினோம். தொட்டிமேல ஏறிப் பார்த்தது யார்? அந்த ஒரு மனுஷன். பிளம்பரைக் கூப்பிட்டது யார்? அந்த மனுஷன். எல்லா வீட்டுக் குழாயையும் பாக்கணும்னு பிளம்பர்கிட்ட சொன்னவர், தன் வீட்டை விட்டுட்டுப் பாருன்னு சொல்லலை. அப்படிச் சொல்லியிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது. அந்த நேர்மை நம்மள்ல எத்தனை பேருக்கு இருக்கு? அதை அவர்கிட்டயே சொல்லணும்னு காலையில எழுந்தேன்..." கேஷவ் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார்.

பின்னால் நின்றிருந்த ஜம்புலிங்கத்தின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. அறுபத்திரண்டு வயதில் தன்னைப் பற்றி அவர் இப்படிக் கேட்டதில்லை. பொறுக்க முடியாமல் நாற்காலிகளுக்கு நடுவே நடந்து போய், கேஷவின் தோளைத் தொட்டார்.

"போதும் பாவூ," என்று சகோதர முறை வைத்துச் சொன்னார். "நான்தான் மன்னிப்புக் கேக்கணும்."

கேஷவ் திரும்பினார். மைக் கீழே விழுந்து கீச்சென்று கத்தியது. அதைவிட உரக்கக் கேஷவ் கத்தினார். முன்வரிசை மொத்தமும் நாற்காலியோடு பின்னால் சாய்ந்தது. ஜோஷுவா சறுக்குமரத்தில் ஏறிவிட்டார். ராஜஸ்ரீ மட்டும் தைரியமாக வந்து ஜம்புலிங்கத்தின் கையைக் கிள்ளிப் பார்த்தாள்.

"ஆ!" என்றார் அவர்.

"உயிரோட இருக்கார்!"

"ஏன், நான் ஏன் சாகணும்?" என்று கேட்டுக்கொண்டே ஜம்புலிங்கம் மேசையைப் பார்த்தார். மாலையைப் பார்த்தார். படத்துக்கு முன்னால் புகையும் ஊதுபத்தியைப் பார்த்தார்.

"வஹினி!" என்று கேஷவ் சரசாவின் பக்கம் பாய்ந்தார். "நீங்கதானே எழுதினீங்க, மார்ட்டிஃபைட்னு!"

முன்னூறு கண்கள் சரசாவைப் பார்த்தன. அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். குனிந்து மைக்கை எடுத்தாள். ஆறு வருடமாகப் படித்த ஆங்கிலத்தை அவள் ஒரு கூட்டத்தில் பேசுவது அதுதான் முதல் தடவை. வார்த்தைகள் தடுமாறவில்லை.

"மன்னிக்கணும். நான் எழுதின வார்த்தை சரியானது," என்றாள் ஆங்கிலத்தில். "ஒருத்தர் தப்பு பண்ணிட்டு, அது எல்லார் முன்னாலயும் தெரிஞ்சுபோய், வெக்கம் தாங்காம நிக்கறார். அவர் மார்ட்டிஃபைட். என் மகளோட டீச்சரை நான் ஒரு தடவை ஆயான்னு நினைச்சு, கழுவச் சொல்லி டம்ளரைக் கையில கொடுத்தேன். ஐ வாஸ் மார்ட்டிஃபைட். ஆனா கேஷவ் சார் சொன்னது முழுக்கத் தப்பில்லை. அந்த வார்த்தைக்குள்ள சாவு இருக்கு. சாகறது ஆள் இல்லை. கர்வம்."

வைஷு போனில் அகராதியைத் திறந்து சரிபார்த்துவிட்டு எழுந்து நின்றாள். "ஆன்ட்டி சொல்றது நூறு சதவீதம் கரெக்ட். காலைலயே நான் சொன்னேன்!"

எல்லோரும் கேஷவைப் பார்த்தார்கள். அவர் ஊதுபத்தியைப் பார்த்தார், உயிரோடு நிற்கும் ஜம்புலிங்கத்தைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார்.

"அப்போ... இப்ப நான்... மார்ட்டிஃபைட்?"

"இப்பத்தான் சார் ரொம்பச் சரியா உபயோகிச்சிருக்கீங்க," என்றாள் சரசா.

முதலில் ராஜஸ்ரீ சிரித்தாள். பிறகு தோட்டமே சிரித்தது. கேஷவ் படத்திலிருந்த மாலையைக் கழற்றி ஜம்புலிங்கத்தின் கழுத்தில் போட்டு இறுகக் கட்டிக்கொண்டார். ஜம்புலிங்கம் மைக்கில், "நேத்து நான் சொன்னதுக்கு மன்னிச்சிடுங்க பாவூ," என்று ஹிந்தியில் சொன்னார். சரசாவுக்குத் தெரிந்து அவர் யாரிடமும் மன்னிப்புக் கேட்டது அதுதான் முதல் முறை. எல்லோரும் கைதட்டினார்கள். யாரோ சமோசா வாங்கிவர ஓடினார்கள்.

ஆறு மணிக்குத் தரகர் ஹரீஷ் கேட்டுக்குள் நுழைந்தார். மாலையும் கழுத்துமாக, கையில் சமோசாவோடு ஜம்புலிங்கம் எதிரே போனார்.

"வீடு விக்கறதுக்கில்லை," என்றார். "சமோசா சாப்பிடறீங்களா?"

மேலே வந்ததும் மாலையைக் கதவுக் கைப்பிடியில் மாட்டிவிட்டு சோபாவில் சாய்ந்தார். சரசா காபி கொண்டுவந்தாள். இத்தனை வருடமாக அவள் ஆங்கிலத்தைத் திருத்திக்கொண்டே இருந்த மனிதர், அவளை இன்று புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"பிரமாதமாப் பேசினே சரசா. எனக்கே இவ்வளவு கோர்வையா வராது." பிறகு தலையை ஆட்டினார். "பாவம் நீ. வெகுளியா ஒரு வார்த்தையைச் சரியா எழுதப்போய், எத்தனை அவஸ்தை உனக்கு! அவங்க எல்லாரும் தப்பாப் புரிஞ்சுக்குவாங்கன்னு நீ எங்க கண்டே?"

சரசா காபியை ஆற்றிக்கொண்டிருந்தாள்.

அவர் முந்தின ராத்திரியிலிருந்து அணைந்து கிடந்த தன் போனை உயிர்ப்பித்தார். உடனே மணி அடித்தது. மீனு.

"அப்பா, எப்படி இருக்கீங்க? எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதா? நான் இனிமே போன் எடுக்கலாம் இல்ல? குரூப்ல மெசேஜ் போடறதுக்கு முன்னாடியே அம்மா கூப்பிட்டுச் சொல்லிட்டாங்க, இன்னைக்கு யார் துக்கம் விசாரிச்சு போன் பண்ணினாலும் அஞ்சு மணிவரைக்கும் எடுக்கவே கூடாதுன்னு!"